கால் தகராறு

வேலையிடத்தில் அவருக்கு கிரீஸ் என்றுதான் பெயர். லிஃப்ட் மெக்கானிக். பாதி ஆயுளை லிஃப்ட் குழிகளிலும் கூண்டின் தலைமேலும் கழித்தவர். இப்போது முழங்கால் மக்கர் செய்கிறது. குழிக்குள் இறங்கினால் ஏறிவர இன்னொருவர் கை கொடுக்கவேண்டும். இனி ஒன்று கண்ட்ரோல் போர்டு பிரிவு, இல்லாவிட்டால் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கவேண்டியதுதான். ஸ்டோர் ரூமை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டும்.

போர்டு பிரிவு இன்ஜினியரம்மா ஒரு பரீட்சை வைத்தார். பிரவுசரில் ஒரு பக்கம். அதில் அசெம்பிளி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் வரிவரியாகக் கட்டளை எழுதி ஒரு லிஃப்ட்டை ஓட்டிக் காட்டவேண்டும். எழுதி முடித்த பக்கத்தின் லிங்க் ஞாயிறு மதியத்துக்குள் தனக்கு வந்து சேரவேண்டும் என்றார்.

ஞாயிறு காலை. சமையலறை மேசையில் மகளின் பழைய லேப்டாப். திரையின் இடப்பக்கம் அவருடைய வரிகள். வலப்பக்கம் அந்த மெஷினின் நினைவகம் முழுவதும் சின்னச் சின்னக் கட்டங்களாக. ஓட்டினால் மாடி எண் ஏறியது, இறங்கியது. சொன்னதை மட்டும், சொன்னபடியே செய்கிற மெஷின்! அப்புறம் திடீரென்று பேய் பிடித்ததுபோல் கண்ட எண்களையும் காட்டிவிட்டுச் சிவப்பெழுத்தில் நின்றுபோயிற்று. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே கதை.

பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலை பார்க்கும் மனைவி எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, என்ன தகராறு?"

"கால்ல ஏதோ கோளாறு."

"அதான் ஊருக்கே தெரியுமே. தைலம் தேய்ச்சீங்களா?"

"அந்தக் கால் இல்லம்மா. இது இங்கிலீஷ் கால், இதுல ஒரு கட்டளை. கூப்பிடறது."

செய்தித்தாள் இரவல் வாங்க வந்திருந்த அவள் தம்பி எட்டிப்பார்த்தான். "மச்சான், ஸ்பேனரால ஒரு தட்டு தட்டுங்க, ஓடும்."

"முதல்ல உன் தலையில தட்டிப் பாக்கறேன், இரு."

ஒவ்வொரு வரியாக நகர்த்த ஒரு பொத்தான் இருந்தது. கூண்டின் மேல் நின்று லிஃப்ட்டை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்ப்பாரே, அதேபோல. அழுத்தினார். வரியைப் பார்ப்பதை விட்டுக் கட்டங்களைப் பார்த்தார். அடிவரிசையில் ஒரு எண் விழுந்தது. அடுத்த சுற்றில் அதே எண் பக்கத்துக் கட்டத்தில். வரிசை நிரம்பியதும் அதற்கு மேல்வரிசையில்.

"ஏய், ஒண்ணு ஏறிட்டு வருது! இதை யாரு கூப்பிட்டா?"

நிற்காமல் ஏறும் லிஃப்ட் எங்கே போய் இடிக்கும் என்று அவருக்குத் தெரியும். இங்கே மேல்வரிசைகளில் அவர் எழுதிய கட்டளைகள் இருந்தன. அந்த எண் அவற்றின் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

உதவிப் பக்கத்தை அப்போதுதான் திறந்தார். கால் என்றால் திரும்பிவரவேண்டிய இடத்தை ஒரு கட்டத்தில் குறித்துவைத்துவிட்டுப் போவது. ரெட் என்றால் ரிட்டர்ன், அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு திரும்புவது. கால் தனக்குத் தெரியாததா என்று அவர் அதுவரை அதைப் படித்திருக்கவே இல்லை. லிஃப்ட் தொழிலில் கால் என்றால் மாடியில் யாரோ பொத்தானை அழுத்துவது. லிஃப்ட் போய் நின்றால் முடிந்தது. அதனால் போன இடத்திலிருந்தே, ரெட் போடாமல், முதல் வரிக்குத் தாவ எழுதியிருந்தார்.

"அதாவது டோக்கன் குடுத்துக்கிட்டே இருக்கீங்க, திருப்பி வாங்கவே இல்ல," என்றாள் மனைவி.

"அதேதான்! வாங்கவே இல்ல!"

தாவும் வரியைக் கால் வரிக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டார். அது இருந்த இடத்தில் ரெட் எழுதினார். ஓட்டினார். அடிவரிசையில் எண் விழுந்தது, விலகியது, அதே கட்டத்தில் மறுபடி விழுந்தது. ஏறவில்லை. மாடி எண் மட்டும் ஏறி இறங்கியது. துணி முழுவதும் மடித்து முடிந்தது. மைத்துனன் செய்தித்தாளை மறந்து நின்றான். லிஃப்ட் ஓடிக்கொண்டே இருந்தது.

லிங்க்கை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. இன்ஜினியரம்மா ஒரே வரி எழுதியிருந்தார்: நாளைக்குக் குழி ஏணியைத் தொடவேண்டாம், நேராக என் பிரிவுக்கு வந்துவிடுங்கள்.

கிரீஸ் துள்ளி எழுந்தார்.

"ஐயோ, கால்! கால்!" என்று பதறினாள் மனைவி.

"அதுக்கு ரெட் போட்டாச்சு!" என்றார் அவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு.