டத்தோவைச் சுருக்கியவர்

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் வாசு அண்ணன் பேனாவை எடுப்பார். முதலில் மேலே இருக்கும் கடவுள் வாழ்த்தை அடிப்பார். அடுத்து 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி.' அடுத்து மாப்பிள்ளையின் பட்டங்கள், பெண்ணின் பட்டங்கள், தாய்மாமன்களின் வரிசை, அச்சகத்தின் பெயர். கடைசியில் நேரமும் மண்டபமும் மட்டும் மிஞ்சும். செந்தூல் அடுக்குமாடியில் அவர் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். நான் ஆரம்பப் பள்ளிக்குப் போன நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். என் அக்காள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போனபோது, எங்கள் கண்ணெதிரிலேயே மணமக்கள் பெயரையும் அடித்தார். அப்பாவின் முகம் மாறியதைக் கண்டு, "அது வாசல்லயே பெரிசா எழுதியிருப்பாங்க லா" என்று சமாதானம் சொன்னார். கல்யாணத்தன்று அந்த மண்டபக் கட்டடத்தில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கல்யாணம். வாசு அண்ணன் கீழே வாழ்த்திவிட்டு, கீழேயே சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எங்களுடையது மேலே.

இப்போது அவர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இணையப் பக்கங்கள் செய்து தருகிறார். ரயில்வே ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்தவர். சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு கணினி வகுப்புக்குப் போனார். அலுவலகம் என்பது இரண்டு கணினி, ஒரு மோடம், ஒரு மின்விசிறி. எதிரே புதிய ரயில் நிலையத்துக்குத் தூண் இறக்குகிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் திரையில் எழுத்துகள் ஒருமுறை நடுங்கும். ரிங்கிட் மதிப்பு விழுந்த வருடம் பட்டம் வாங்கிய நான், எந்தக் கம்பெனியும் ஆள் எடுக்காததால், அந்த இரண்டாவது கணினியின் முன்னால் உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் அம்மாவிடம், பகல் முழுவதும் வெற்றிடங்களை அழிக்கிறேன் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

உண்மையில் வேலை அதுதான். இணையப் பக்கம் ஒன்று திறக்கும்போது அதோடு ஜாவாஸ்கிரிப்ட் என்ற கட்டளைக் கோப்பும் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து சேர வேண்டும். படிவத்தில் அடையாள அட்டை எண் சரியா என்று பார்ப்பது, பட்டனுக்கு உயிர் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. யாரோ ஒருவர் எழுதி, உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்த பெரிய கட்டளைத் தொகுப்பைத்தான் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். மனிதர் படிப்பதற்காக அதில் இடைவெளிகள் இருக்கும், விளக்கக் குறிப்புகள் இருக்கும், நீளமான பெயர்கள் இருக்கும். இயந்திரத்துக்கு இவை எதுவும் வேண்டாம். கோப்பு சிறுத்தால் பக்கம் சீக்கிரம் திறக்கும். வாடிக்கையாளர்களுக்கு வாசு அண்ணன் இதை விளக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். "புதுச் சட்டை வாங்குறீங்க. உள்ள அட்டை, குண்டூசி, காலருக்கு பிளாஸ்டிக். அதெல்லாம் கழட்டிட்டுச் சட்டைய மட்டும் அனுப்புறேன் பாஸ்." இதோடு அவர் நிறுத்தினால் நன்றாக இருக்கும். சுருக்கத்தின் அருமையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால், வந்தவர் இரண்டாவது தே தாரிக் டீயும் குடித்து முடித்திருப்பார்.

இதைத் தானாகச் செய்ய ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். நான்கு வருடம் படித்ததற்கு ஏதாவது அடையாளம் வேண்டுமே. அவர் அதை ஓடவிட்டுப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு பழையபடி கையாலேயே அழிக்கத் தொடங்கினார். ஒருமுறை கோப்பு முழுவதையும் ஒரே வரியாக ஒட்டினார். இரண்டு சாய்வுக்கோடு போட்டால் அந்த வரியின் மிச்சத்தை இயந்திரம் படிக்காது. குறிப்பு எழுதுவதற்கு அப்படி ஒரு ஏற்பாடு. அப்படிப்பட்ட குறிப்பு ஒன்றை முன்னாலேயே அழிக்க மறந்துவிட்டார். எல்லாம் ஒரே வரி ஆனதால், அதற்குப் பின்னால் இருந்த அத்தனை கட்டளையும் செத்தன. பக்கம் மின்னல் வேகத்தில் திறந்தது. எதுவும் வேலை செய்யவில்லை. மதியம் வரை தொலைபேசி லைனைத் திட்டினார். நான் காட்டியபோது, "ஆனா வேகம் பாத்தியா?" என்றார்.

கோப்பில் நீளமான பெயர்களை ஒற்றை எழுத்தாக்கி ஆக்கி, மனிதர்களையும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார். ரமணியாகிய நான் 'ர'. அவர் மனைவி இராஜம்மா 'இ'. அதே சமயம், தொகுப்பை எழுதிய அந்த முகம் தெரியாத மனிதர், தன் பெயரை மட்டும் எடுக்க வேண்டாம் என்று கோப்பின் உச்சியில் ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அந்த வரியை வாசு அண்ணன் எந்தப் பக்கத்திலும் தொட்டதில்லை. மதியச் சாப்பாடு கொண்டுவந்த இராஜம்மா அக்கா அதைத் திரையில் பார்த்துவிட்டு, "கட்டுன பொண்டாட்டி பேர வெட்டுவாரு. எவனோ வெள்ளக்காரன் பேர முழுசா வச்சிருக்காரு" என்றார். வாசு அண்ணன் கணவாய் மீன் பிரட்டலை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். சாப்பாட்டில் அவருக்குச் சுருக்கம் கிடையாது.

போன வருடம் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை, கிள்ளானில் உள்ள ஒரு கல்வி நிதிக் கழகத்தின் பக்கம். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் மேற்படிப்புக்கு உதவும் கழகம். நாடே கணினி யுகத்துக்குப் போகிறது என்று காகிதப் படிவத்தை அடியோடு ஒழித்துவிட்டார்கள். இனிமேல் இணையத்தில்தான் மனுப் போட வேண்டும். நான் மேற்படிப்புக்குப் போனபோது எங்கள் அப்பா இப்படி ஒரு படிவத்தை நடுங்கும் கையெழுத்தில் பூர்த்தி செய்து, தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் இணையத்தில் மனுப் போட வேண்டியிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன் என்று அடிக்கடி யோசிப்பேன்.

கழகத்தின் தலைவர் சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கியவர். அவர் பெயர் தேவையில்லை. யாரும் அதைச் சொல்வதுமில்லை. பட்டம் வாங்கிய அன்று தொப்பி, மீசை, மார்பு நிறையப் பதக்கங்களோடு எடுத்த படம் எல்லாப் பக்கத்திலும் பெரியதாக இருக்க வேண்டும் என்று செயற்குழு தீர்மானம் போட்டிருந்தது. மனுப் படிவத்திலும் உண்டு. மனுவை அனுப்பும் பட்டன், பக்கம் முழுவதும் வந்து சேர்ந்த பிறகுதான் உயிர் பெறும். பக்கத்தை மெதுவாக்கும் அந்தப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கலாமா என்று வாசு அண்ணன் செயலாளர் ஜெயராஜிடம் ஒரே ஒருமுறை கேட்டார். "டத்தோவச் சின்னதாக்கணுமா? அத நீங்களே அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார் ஜெயராஜ். வாசு அண்ணன் போகவில்லை. அதற்குப் பதிலாகக் கட்டளைக் கோப்பின் மேல் விழுந்தார். பயன்படாத கட்டளைகளை எறிந்தார், வெற்றிடங்களை எறிந்தார், எனக்கும் பாதியைக் கொடுத்து எறியச் சொன்னார். ஒரு வாரம் இருவரும் உட்கார்ந்து மிச்சப்படுத்தியதைக் கணக்குப் பார்த்தேன். டத்தோவின் மீசையில் பாதிகூட வரவில்லை. அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. தெரிந்துகொண்டேதான் செய்கிறார் என்று பிறகு தோன்றியது.

மனுப் போடக் கடைசி நாள் மாலை, காப்பார் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்த தனலெட்சுமி என்ற பெண் கூப்பிட்டாள். கிள்ளானில் ஒரு சைபர் கபேயில் உட்கார்ந்திருந்தாள்; கடைக்காரரின் கைத்தொலைபேசியில் பேசினாள். பக்கத்தின் அடியில் எங்கள் எண் இருந்ததால் கூப்பிட்டிருக்கிறாள். பட்டன் அமுங்கவில்லை என்றாள். அது பக்கம் முழுசாக வந்தால்தான் அமுங்கும் என்று வாசு அண்ணன் சொன்னார். இப்போது எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார்.

"தொப்பி வந்துருச்சு அண்ணே. நெத்தி வருது."

"மீசை வந்ததும் சொல்லு."

காத்திருந்தோம். வெளியே தூண் இறங்கிக்கொண்டிருந்தது. ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு, மீசைக்குக் கீழே பதக்கம்தான், பதக்கம் வந்துவிட்டால் முடிந்தது என்று எனக்குச் சொன்னார்.

"அண்ணே, லைன் அறுந்துருச்சு. திரும்பத் தொப்பியிலேர்ந்து வருது." அவள் அழவில்லை. தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் இன்னும் சற்று நேரத்தில் போய்விடும் என்பதை மட்டும் சொன்னாள். காலையிலிருந்து டத்தோவை மூன்று தடவை தொப்பியிலிருந்து பார்த்துவிட்டாளாம்.

வாசு அண்ணன் கட்டளைக் கோப்பைத் திறந்தார். வழக்கம்போல ஒரு வெற்றிடத்தைத் தேடினார். அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அதை மூடினார். டத்தோவின் படத்தைத் திறந்தார். என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு படத்தின் மூலையைப் பிடித்து உள்ளே இழுத்தார். தொப்பியும் மீசையும் பதக்கங்களும் ஒன்றாகக் குறுகி, தபால்தலை அளவில் வந்து நின்றன. எங்கள் மோடம் கீச்சிட்டு அதை ஏற்றி முடிக்கும்வரை எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இப்பத் திரும்பத் திறந்து பாரு."

"வந்துருச்சு அண்ணே. டத்தோ ஐசி கார்டு படம் மாதிரி இருக்காரு."

"பட்டன அமுக்கு."

"அமுக்கிட்டேன். மனு கிடைச்சதுன்னு வருது."

"எத்தன செகண்டு?"

அவள் கணக்குப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை திறந்து, கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். அவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். கடைக்காரர் எடுத்து, பிள்ளை போய்விட்டது என்றார். வாசு அண்ணனுக்கு அது பெரிய ஏமாற்றம். அந்தப் பெண்ணுக்காகச் செய்தாரா, அந்த நொடிகளுக்காகச் செய்தாரா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

அடுத்த வாரம் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பக்கத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். விளக்கை அணைத்தார்கள். சில நொடிகளில் திறந்தது. கைதட்டத் தயாராக இருந்தவர்கள் டத்தோவைத் தேடினார்கள். மூலையில் யாரோ ஒருவர், "அந்தா இருக்காரு, கண்ணாடி போட்டுப் பாருங்க" என்றாராம். மறுநாள் ஜெயராஜ் தொலைபேசியில் பேசியது இங்கே அச்சில் போடத் தகாது. டத்தோ பேசவே இல்லை. பெரிய மனிதர் என்பதால் ஒரு வழி சொல்லி அனுப்பினார். வாசு நேரில் வந்து மன்னிப்புக் கேட்டால் போதும். படம் அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் பழைய படமும் புதிய ஆளும்.

வாசு அண்ணன் மறுக்கவில்லை. வருகிறேன் என்றார். அந்த வாரம் வேலை; அடுத்த வாரம் தைப்பூசம், பத்துமலை. செயற்குழு மாதா மாதம் கூடி, 'வாசுவின் மன்னிப்பு' என்ற விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தது. தள்ளி வைத்த விஷயத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆகவே படமும் சின்னதாகவே இருந்தது. இரண்டாம் சுற்று மனுக்கள் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தன. பக்கம் பத்து நொடியில் திறந்தது; வாசு அண்ணன் அதை ஒன்பதாக்க முயன்றுகொண்டிருந்தார். தனலெட்சுமிக்கு உதவி கிடைத்துவிட்டது என்று ஜெயராஜே ஒருநாள் வாய் தவறிச் சொன்னார்.

போன மாதம் ஜெயராஜ் மூச்சிரைக்க எங்கள் படியேறி வந்தார். டத்தோ ஒரு கல்யாணத்துக்கு மாலை வாங்க வந்திருக்கிறார், கார் கீழே பூக்கடை முன்னால் நிற்கிறது, இதை விட்டால் சந்தர்ப்பம் கிடையாது என்றார்.

"ஒரே வார்த்தை வாசு. நீங்கதான் சுருக்கறதுல கெட்டிக்காரராச்சே."

வாசு அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டார். கீழே இறங்கினார். நானும் ஜெயராஜும் ஜன்னலில் நின்றோம். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமா, கேட்கக் கூடாதா என்று எனக்கே தெரியவில்லை. காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே தொப்பி இல்லாத வழுக்கைத் தலை ஒன்று திரும்பியது. வாசு அண்ணன் குனிந்தார். இரண்டு கைகளும் மெதுவாக மேலே எழுந்தன.

"கும்பிடுறாரு" என்று ஜெயராஜ் பெருமூச்சு விட்டார்.

கைகள் சேரவில்லை. பக்கத்துக்கு ஒன்றாக நின்று, பத்து விரலும் அகல விரிந்தன. டத்தோ அந்த விரல்களையே பார்த்தார். வாசு அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக, இன்னும் கொஞ்சம் குனிந்து, அதில் ஒரு விரலை மடக்கிக் காட்டினார். கண்ணாடி ஏறத் தொடங்கியது. ஒன்பது விரல்களையும் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தபடி, கார் நகரும்வரை அவர் அங்கேயே நின்றார்.