தண்ணி முறையும் கிளினிக் நாளும்

காய்ந்த சருகுகளைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம் இருக்கிறதே... அது காதில் விழுந்தால் எனக்கு வீட்டில் கால் தரிக்காது. அக்கராயனில் எங்கள் வேலிக்குப் பின்னால்தான் வாய்க்கால்.

மழை இல்லாத சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். எங்களுக்குக் கிழமையில் ஒரு நாள். அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை வயல் வெடித்துக் கிடக்கும்.

அப்படியொரு சிறுபோகத்தில்தான் என் மனைவி சாந்திக்குக் காசநோய் என்று சொன்னார்கள். அவள் இருமிய இருமலை நாங்கள் இரண்டு மாதமாகப் புழுதி இருமல் என்றே நினைத்திருந்தோம். ஆறு மாதம் ஒரு நாளும் விடாமல் குளிசை போட்டால் முழுச் சுகம் என்றார் டொக்டர். அவ்வளவுதானே என்று நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மூன்று ஏக்கர் நெல் நின்றது. விடிய எழும்பிச் சமையல், மகளுக்குத் தலை பின்னல் (ஒரு பின்னல் மேலே, மற்றது கீழே... பிள்ளை பாவம், அப்படியே பள்ளிக்கூடம் போகும்), மதியம் வரை கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை, பின்னேரம் வயல். சாப்பிட மறந்த நாட்களும் உண்டு.

சாந்தி பாயில் படுத்தபடி சொல்லுவாள்.

"இஞ்சருங்கோ, எதையாவது ஒண்டைக் குறையுங்கோவன்."

"வருத்தம் வந்தது உமக்கு. வயலுக்கு இல்லையே?" என்று நான் பாய்ந்து விழுவேன். அப்படி ஒரு வீறாப்பு!

இரண்டு கிழமைக்கு ஒரு வியாழன் கிளினிக்கில் குளிசை எடுக்க வேண்டும். ஒரு தடவை தண்ணீர் முறை நாள் மாறி அதே வியாழனில் வந்து விழுந்தது. வீட்டில் அன்று காலைக்கு மட்டும்தான் குளிசை இருந்தது.

"கிளினிக் நாளைக்கும் இருக்கும். தண்ணி நாளைக்கு வராது" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு போய்விட்டேன்.

வெள்ளி காலை சைக்கிளை மிதித்துக்கொண்டு போனால், கிளினிக் கதவு பூட்டு. அன்று பௌர்ணமி, போயா விடுமுறை! எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று விரல் நுனியில் வைத்திருந்தவனுக்குப் போயா நினைவில்லை. பிறகு சனி, ஞாயிறு. மூன்று நாட்கள் அந்தக் குளிசைப் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. ஞாயிறு பின்னேரம் அவள் இருமினாள்.

திங்கட்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். நேர்ஸ் பிள்ளை சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அண்ணை, இப்பிடி இடையில விட்டால் கிருமி குளிசைக்குப் பழகிப்போடும். பிறகு இந்த மருந்து கேளாது. இனி ஒரு நாளும் விடாதேங்கோ."

திரும்பவும் சளி எடுத்தார்கள். முடிவு வரச் சில கிழமைகள் ஆகும் என்றார்கள்.

வரும் வழியில் வயலடியில் சாந்தி சைக்கிளை நிற்பாட்டச் சொன்னாள். இறங்கி நின்று பார்த்தாள். பயிர் பச்சைப்பசேலென்று நின்றது.

"வடிவாத்தான் நிக்குது. நான் இல்லாட்டி இதை வெட்டி ஆருக்குச் சோறாக்கப் போறியள்?"

நான் வாய்க்கால் வரம்பில் குந்தியிருந்து அழுதேன். வெட்கப்படவில்லை.

அன்று பின்னேரமே பக்கத்து வயல் முத்தையா அண்ணையிடம் போனேன். இரண்டு ஏக்கரை அவர் பார்க்கட்டும், விளைவதைப் பாதிக்குப் பாதி எடுப்போம் என்றேன்.

"விசரே தம்பி உமக்கு? பயிர் நிக்கிற வயலை ஆரும் விடுவினமே?"

"ஓம் அண்ணை, விசர்தான். ஆறு மாதத்துக்கு."

ஊர் கதைத்தது. கதைக்கட்டும் என்று விட்டேன். கலண்டரில் கிளினிக் நாட்களையும் போயாக்களையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டேன், தண்ணீர் முறையை அதற்குப் பிறகுதான் குறித்தேன். காலையில் அவள் குளிசை விழுங்கி முடிந்த பிறகே எனக்குத் தேத்தண்ணி. மதியம் வந்து அவளோடு இருந்து சாப்பிட்டேன், அரை மணித்தியாலம் கண்ணயர்ந்தேன். மகளின் பின்னல்கள்கூட ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டன.

சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்த அன்று, செய்தியைக் கேட்டு முத்தையா அண்ணைதான் முதலில் சிரித்தார். ஆறு மாதம் முடிந்தபோது சாந்தி முன்னரைவிட உடம்பு வைத்திருந்தாள்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள். போன மாதம் எனக்குக் கடும் காய்ச்சல். அன்று பார்த்து எங்கள் முறை. வேலிக்குப் பின்னால் அதே சத்தம்... என்னை அறியாமல் எழும்பி மண்வெட்டியை எடுத்துவிட்டேன்.

சாந்தி அதை என் கையிலிருந்து வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். போனை எடுத்தாள்.

"முத்தையா அண்ணை, இண்டைக்கு எங்கட முறையையும் நீங்களே எடுங்கோ. இவருக்கு ஏலாது."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணி அடுத்த கிழமையும் வரும். படுங்கோ."

குசினியில் அவள் கொத்தமல்லி அவிக்கும் மணம் வந்தது. இவ்வளவு காலமும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்கு எழும்பி ஓடியிருக்கிறேனே தவிர, ஒரு நாளும் படுத்திருந்து கேட்டதில்லை. நல்ல சத்தம்தான். கேட்டுக்கொண்டே நித்திரையாகிப் போனேன்.