பலகைப் படகுக்குப் போட்ட கணப்பு

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷங்களில், எந்த நாளில் ரோடு இருக்கும், எந்த நாளில் இருக்காது என்று எங்கள் பக்கம் யாராலும் சொல்ல முடியாது. காலையில் போன டவுன் பஸ் சாயங்காலம் திரும்பாது. போய்ப் பார்த்தால் புளியமரம் குறுக்கே வெட்டிக் கிடக்கும். அப்படி ஒரு மார்கழியில்தான் நான் தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன்.

பிரசவத்துக்கு என்னை அழைத்துப்போக எலவனாசூர்கோட்டையிலிருந்து கிளம்பிய அம்மாவும் அப்பாவும் பாதி வழியில் பஸ் நின்று திரும்பிப் போய்விட்டார்கள். பிள்ளை தலை திரும்பவில்லை, வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி கச்சிராயபாளையத்தில். எங்கள் வீடோ கோமுகி அணைத் தண்ணீருக்கு அக்கரையில், மலையடிவாரத்தில். ரோடு இல்லையென்றால் படகுதான். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வராது.

என் வீட்டுக்காரர் அணையில் மீன் பிடிப்பவர். அதுவரை பரிசல்தான் வைத்திருந்தார். வலி எடுத்தவளைச் சுற்றிச் சுற்றிப் போகும் பரிசலில் எப்படி ஏற்றுவது என்று, கடலூர்ப் பக்கமிருந்து பழைய பலகைப் படகு ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றி வந்தார். விற்றவர் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினாராம். "தண்ணியிலயே போட்டு வைங்க. கரையேத்தினா பலகை காஞ்சி வாயப் பொளந்துடும்."

அதன்படி படகு தண்ணீரிலேயே கிடந்தது. ஆனால் பரிசல்காரருக்கு ஈரம் என்றாலே ஆகாது. பரிசலைச் சாயங்காலமானால் கரையில் கவிழ்த்து, அடியில் புகை போட்டு உலர்த்தாவிட்டால் மூங்கில் இற்றுப்போகும். அந்தப் பழக்கம் இவரை விடவில்லை. பனி இறங்காமல் தென்னங்கீற்றில் வளைவாகக் கூரை போட்டார். சாக்கால் உள்பக்கமெல்லாம் துடைத்தார். படகுக்குள் மண்சட்டியில் உமியைக் கொட்டி நெருப்பு வைத்துக் கணப்புப் போட்டு, அணையாமல் பார்த்துக்கொண்டார். உள்ளே கை வைத்தால் கதகதவென்று இருக்கும்.

"பிரசவம் எனக்கா, உங்க படகுக்கா?" என்று கேட்டேன்.

"நீ படுத்துக்கினு போற எடம். ஜில்லுனு இருந்தா இன்னா ஆவறது?" என்றார். கேலி செய்தேனே தவிர, அந்தச் சட்டியில் புகை வருவதை வாசலிலிருந்து பார்த்தால்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

வலி எடுத்த அன்று காலை, வெயில் ஏறியும் பனி விலகவில்லை. முந்தின நாளே மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கூரைக்கடியில் மெத்தை போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் மாமியார், கால்மாட்டில் பக்கத்து வீட்டு அக்கா. இவர் துடுப்புப் போட்டார்.

பாதித் தூரம் போயிருப்போம். இடுப்புக்குக் கீழே சில்லென்று நனைந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது என்று நினைத்துக் கத்தினேன். மாமியார் புடவையை விலக்கிப் பார்த்தார். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"டேய், இது அணத் தண்ணிடா!"

இவர் தனியாகப் போகும்போது படகு லேசாக மிதக்கும். அடிப்பலகை மட்டும்தான் தண்ணீரில் இருக்கும். அதற்கு மேலே பக்கவாட்டுப் பலகைகளில் தண்ணீரே பட்டதில்லை. பனியும் படாமல், உமிச் சூட்டில் அவை சுருங்கி இடைவெளி விட்டிருந்தன. நான்கு பேர் கனத்தில் படகு அமிழ்ந்ததும் அந்த இடுக்கெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. அக்கா சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாள். மொள்ள மொள்ள ஏறியது.

இவர் பலகையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். "எடை ஜாஸ்தி" என்றார். துடுப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

"டேய் வேணாண்டா, வெறச்சிப் பூடுவ!" என்று மாமியார் அலறினார். ஆனால் படகு கொஞ்சம் மேலே வந்தது, அது எனக்கே தெரிந்தது. மாமியார் இடுக்கில் புடவைத் தலைப்பைத் திணித்துக்கொண்டே தண்ணீரை இறைத்தார். இவர் பின்னாலிருந்து காலை உதைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். படுத்திருந்த எனக்கு, படகின் விளிம்பைப் பிடித்திருந்த அவருடைய இரண்டு கைகள் மட்டும்தான் தெரிந்தன. ஒவ்வொரு வலி வரும்போதும் கண்ணை மூடுவேன். திறந்ததும் கை இருக்கிறதா என்று பார்ப்பேன். பிள்ளை பிழைக்குமா என்ற பயம் போய், அந்தக் கை வழுக்கிவிடுமோ என்ற பயம் வந்துவிட்டது.

கரை வந்தது. மறியலில் மாட்டி நின்றிருந்த கரும்பு வண்டிக்காரர் ஒருவர் கட்டுகளைக் கீழே தள்ளிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு, ரோட்டை விட்டு வயல் வழியாக ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்.

கால் முன்னால் வந்து, பிறந்தும் அழாமல் எங்களைக் கதிகலங்க வைத்து, பிறகு வீறிட்டாள் என் பெண். மாமியார் துணியில் சுற்றி எடுத்துப்போய், கதவோரம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்ற மகனிடம் நீட்டினார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. கை இன்னும் சூடேறல. புள்ளைக்கு ஜில்லுனு இருக்கும்."

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "இங்க வாங்க" என்றேன். வந்தார். அந்தக் கையை இழுத்து, மாமியார் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல், என் கழுத்துக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அந்த ஜில்லிப்பில் எனக்கு உடம்பு தூக்கிப்போட்டது. ஆம்பளைங்க வெளியே போங்க என்று நர்ஸம்மா கத்திக்கொண்டே வந்தார். நான் விடவில்லை.