இலாரியோன் விழுங்கிய கோப்பை

ஊரில் இலாரியோன் துப்பாத நிலவறை ஒன்றுதான். அது அவருடையது.

நிஸ்த்ரு ஆற்றங்கரையில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் நிலவறைக்குத்தான் இறங்க வேண்டும். வீட்டுக்காரர் பீப்பாயில் ரப்பர் குழாயைச் சொருகி, வாயால் உறிஞ்சி, ஜாடியில் ஒயினை இறக்குவார். இருப்பது ஒரே கோப்பை. முதலில் அவர் குடிப்பார். பிறகு அதே கோப்பை நிரம்பி நிரம்பி ஒவ்வொரு கைக்கும் வரும். வாங்கியவர் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்வார். இலாரியோன் ஒரு வாய் எடுப்பார், இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றுவார், மண் தரையில் துப்புவார். அப்புறம்தான் வார்த்தை.

பக்கத்து வீட்டுக்காரர் அருமையாக வளர்த்த ஃபெத்யாஸ்கா திராட்சையின் ஒயினைத் துப்பிவிட்டு, "திராட்சை நல்லாத்தான் இருந்திருக்கும். நடுவுல நீ புகுந்துட்ட" என்றார். சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்த வீட்டில், "சர்க்கரையத் தனியாக் குடுத்திருந்தா டீயிலயாவது கலக்கியிருப்பேன்" என்றார். இன்னொரு வீட்டில் மூக்கைச் சுருக்கி, "போன வருசம் இந்தப் பீப்பாயில தக்காளி ஊறுகா போட்டீங்களோ?" என்றார். போட்டிருந்தார்கள். அதனால் கோபம் இரண்டு மடங்காயிற்று.

தலைநகருக்குப் போகும் மினி பஸ்ஸை ஓட்டுவது அவர் தொழில். நகரத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஊரே கேன் கேனாக ஒயின் கொடுத்தனுப்பும். ஒவ்வொரு கேனையும் மூடி திறந்து முகர்ந்து பார்த்துத்தான் ஏற்றுவார். "இதையா அனுப்புற? பையன்மேல என்ன கோபம் உனக்கு?" என்று கேட்பார். பஸ் சிரிக்கும், கேன்காரர் சிரிக்க மாட்டார்.

ஒரு முறை வெளிநாட்டுக் கூட்டம் ஒன்று, யாருக்கும் தெரியாத ஊர்களின் யாருக்கும் தெரியாத திராட்சைகளைச் சுவைத்துப் பார்க்கப் போகிறோம் என்று அவர் பஸ்ஸை வாடகைக்கு எடுத்தது. யாருக்குத் தெரியாது என்று கேட்டுக்கொண்டே அவர் வண்டியை ஓட்டினார். அவர்கள் கோப்பையைச் சுழற்றினார்கள், மூக்கை உள்ளே விட்டார்கள், தோல் வாசனை என்றார்கள், புகையிலை என்றார்கள். "செருப்புக் கடையில உக்காந்து குடிக்கிற மாதிரி பேசுறானுங்க" என்றார் இலாரியோன். அவர்களும் துப்பினார்கள் என்பதை மட்டும் மனைவி பெவ்ரோனியாவிடம் சொல்லவில்லை.

ஆற்றுச் சரிவில் அவர் வளர்த்தது ராரா நேக்ரா திராட்சை. கறுப்பு, மெல்லிய தோல், நாலு நாள் மழை பெய்தால் அழுகிவிடும். அதில் வடித்த ஒயினை அவரே புகழ்ந்து அவரே குடித்தார். ஊரில் யாரும் அதைப் பற்றிக் கருத்துச் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

எல்லாரையும்விட அவர் கீழாக நினைத்தது வடக்கத்திக்காரர்களை. அங்கே மண் ஆப்பிளுக்கும் பீட்ரூட்டுக்கும்தான் லாயக்கு. திராட்சை என்று அவர்கள் வாசல் பந்தலில் ஏற்றுவது லிடியா. மருந்தடிக்க வேண்டாம், கவாத்து வேண்டாம், களையைப் போல வளரும். ஒயினில் ஸ்ட்ராபெர்ரி வாசனை தூக்கலாக வரும். "அது ஒயின் இல்ல, சோப்புத் தண்ணி. ஜனங்க புத்தி மழுங்கிப் போனதே அதாலதான்" என்பார்.

அவருடைய ஒரே மகள் மார்செலா வடக்கே போய் டோரின் என்பவனைப் பிடித்துக்கொண்டாள்.

ஏற்கெனவே ஒரு சம்பந்தம் இலாரியோனின் வாயால் போயிருந்தது. பையன் வீட்டு நிலவறையில் துப்பிவிட்டு, "கழுதைக்குக் கூடக் குடுக்காதீங்க" என்றிருந்தார். அந்த வீடு அதோடு கதவைச் சாத்திக்கொண்டது. இந்த முறை டோரின் வீட்டுக்குப் புறப்படும்போதே மார்செலா சொல்லிவிட்டாள்.

"அப்பா, அங்க நீங்க துப்புனீங்கன்னா, திரும்பி வர்ற பஸ்ல ரெண்டு பேருதான் இருப்பீங்க."

"ஒரு வாய் லிடியாவுக்காக அப்பனையே விட்டுடுவியா?"

"ஒரு வாயை விழுங்க முடியாத அப்பனை."

"நல்லாக் கேளுடி" என்றாள் பெவ்ரோனியா.

டோரினின் அப்பா சோஃப்ரோன் ஆப்பிள் தோட்டக்காரர், பெருத்த உடம்பு, வெட்கப்பட்ட முகம். சம்பந்தியைக் கட்டிப்பிடித்து, எல்லாரையும் நேராக நிலவறைக்கு அழைத்துப் போனார். கீழே மேசையில் ஜாடி ஏற்கெனவே நிரம்பியிருந்தது. சோஃப்ரோன் முதல் கோப்பையைக் குடித்தார். குடித்ததும் அவர் முகம் கோணியது. அடுத்த கோப்பை இலாரியோனிடம் வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு வாயில் ஊற்றினார். சோப்பு இல்லை. ஸ்ட்ராபெர்ரி இல்லை. புளிச்ச செர்ரி, மிளகுக் காரம். ஆனந்தமாக விழுங்கினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"இது ராரா நேக்ரா. எங்க பக்கத்து மண்ணு. உங்க வீட்டுது இல்ல, சம்பந்தி."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. அடுத்தவன் ஒயினைத் தன் வீட்டு ஒயின் என்று கொடுப்பது கேவலம். அதை அந்த வீட்டு நிலவறையிலேயே நின்று சொல்வது அதைவிடக் கேவலம். டோரின் தரையைப் பார்த்தான். சோஃப்ரோனின் கழுத்து பீட்ரூட்டாகச் சிவந்தது.

"சந்தையில வாங்குனேன்" என்றார் சோஃப்ரோன். "உங்க வாயைப் பத்தி இங்கவரைக்கும் பேச்சு வந்துருச்சு. என் வீட்டுத் தரையில யாரும் துப்ப வேணாம்னு பாத்தேன்." ஜாடியைத் தள்ளி வைத்தார். "மேல சூப் சூடா இருக்கு. சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க."

கெளம்புங்க என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். மார்செலா அப்பாவைப் பார்க்கவே இல்லை. டோரினின் பக்கம் ஓர் அடி நகர்ந்து நின்றாள்.

இலாரியோன் மூலையில் இருந்த பீப்பாயைக் காட்டினார். "அதுல என்ன?"

"அதான் தெரியுமே. லிடியா."

"வந்த ஆளுக்கு வீட்டு ஒயின் ஊத்தாம சூப்பு ஊத்துறீங்களா? திறங்க."

சோஃப்ரோன் பீப்பாயிடம் போனார். அடைப்பைப் பிடுங்கி, குழாயைச் சொருகி, மறு நுனியை இலாரியோனிடமே நீட்டினார். "நீங்களே இழுங்க."

இழுத்தார். வாய் நிறைய வந்தது. குழாய் நுனியை ஜாடிக்குள் விட்டார். ஜாடி நிரம்பியது, வாய் நிரம்பியபடியே இருந்தது. ஸ்ட்ராபெர்ரி மூக்கு வழியாக ஏறிற்று. கன்னம் உப்பி, கண் கலங்கி, மண் தரையை ஏக்கமாகப் பார்த்தார். நான்கு பேரும் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது.

"கண்றாவியா இருக்கு, சம்பந்தி."

"தெரியும்" என்றார் சோஃப்ரோன்.

"எப்பிடிக் குடிக்கிறீங்க இதை?"

"தாகத்துக்குக் குடிக்கிறோம். இங்க யாரும் கருத்து கேக்கறதில்ல." கோப்பையை நிரப்பினார். "குழாயில குடிச்சது கணக்குல வராது. இந்தக் கோப்பை ஒரு காலுக்கு. ஒத்தக் காலோட எப்பிடிப் படியேறுவீங்க? இன்னொண்ணும் இருக்கு."

இரண்டையும் அடிவரை குடித்தார். மேலே போகும்போது மார்செலா முதலில் தரையைப் பார்த்தாள். ஈரம் இல்லை. அப்புறம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு இலாரியோன் தன் ராரா நேக்ராவை ஒரு பீப்பாய் கொண்டுவந்து பந்தலின் நடுவில் வைத்தார். சோஃப்ரோனின் சித்தி முறையில் ஒரு அம்மாள், ஆப்பிள் பெட்டி அகலத்துக்கு இருந்தவர், ஒரு வாய் எடுத்தார். கன்னத்துக்குக் கன்னம் மாற்றினார். செடிப் பக்கம் திரும்பித் துப்பினார்.

"புளிக்குது. லிடியா இல்லையா?"

மேசை முழுவதும் அதைக் கேட்டது. பெவ்ரோனியா முட்டைக்கோஸ் சுருளை மென்றுகொண்டே கணவனைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கத் துளியும் முயலாமல்.

இலாரியோன் எழுந்தார். லிடியா ஜாடியை எடுத்துவந்து அந்த அம்மாளின் கோப்பையை நுரைக்க நுரைக்க நிரப்பினார்.

"குடிங்கம்மா. உங்க நாக்குக்கு இதுவே ஜாஸ்தி."