புவனேஸ்வரி கையெழுத்திட மறுத்த சான்றிதழ்

செவ்வாய்க்கிழமை காலை, பட்டர்வொர்த் பாசாரில் மீனைத் துண்டு போடச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. திரையில் 'புவனா' என்று இருந்தது. சில நாளாக அவர் மருத்துவமனையில் இருந்தார். எடுத்தவுடன், "என்னம்மா, டாக்டர் வீட்டுக்கு விட்டுட்டாரா?" என்று கேட்டேன்.

பேசியது அவருடைய தங்கை பார்வதி.

"அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே. விடியக்காலைல, தூக்கத்துலயே."

மீன்காரர் பையை நீட்டியபடி இருந்தார். வாங்கினேனா, விட்டுவிட்டு வந்தேனா என்று இப்போதும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று யோசித்தபோது பட்டியல் நீண்டுகொண்டே போனது. அறுபத்தொரு வயதில் மறைந்த, திருமணம் செய்துகொள்ளாத, பேச்சில் இனிமை பார்க்காத ஒரு பெண்மணிக்கு இத்தனை பேரா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

புவனேஸ்வரியை அறியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் அவரும் பிறையில் உள்ள ஓர் இரும்புக் குழாய் ஆலையில் இருபத்தாறு ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்தோம். நான், மணியம், குழாய் முற்றத்தில் போர்மேன். எங்களுடையது வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் அல்ல. கடலுக்கடியில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது, தோண்டிய துளை இடிந்து விழாமல் இருக்க இறக்கும் கனத்த குழாய். அதற்குக் கேசிங் என்று பெயர். அதற்குள்ளே இறக்கும் ஒல்லியான குழாய் டியூபிங். எண்ணெய் அதன் வழியாகத்தான் மேலே வரும். வெளிநாட்டிலிருந்து வரும் குழாய்களின் முனைகளில், ஒன்றோடொன்று திருகிச் சேர்ப்பதற்காக, நாங்கள் மரை வெட்டி, சோதித்து, கப்பலேற்றுவோம்.

அவர் பிறந்தது நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்தில். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கடலுக்கு அப்பால் எதிரே உள்ள தீவுக்கு வந்து ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் இருந்தார். பிறகு எங்கள் ஆலைக்குக் கிராணியாக, அதாவது எழுத்தராக, வந்தார். குழாய்களோடு அனுப்பும் சோதனைச் சான்றிதழ்களைத் தட்டச்சு செய்வதுதான் வேலை. வந்த முதல் வாரமே சாப்பாட்டு நேரத்தில், கையில் ஒரு தாளோடு முற்றத்துக்கு வந்து நின்றார்.

"அண்ணே, இதுல 'ஜாயின்ட் நூத்திப்பத்து'ன்னு அடிக்கச் சொல்றாங்க. நான் வெளிய எட்டிப் பாத்தேன். எந்தக் குழாயும் எதோடயும் சேரலயே. ஜாயின்ட் எங்க இருக்கு?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எங்கள் தொழிலில் ஒரு முழுக் குழாய்க்கே ஜாயின்ட் என்றுதான் பெயர். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். மறுநாள் 'ஹீட் நம்பர்' என்றால் என்ன என்று கேட்க வந்தார். ஒரே உலையில் ஒரே தடவை உருக்கி ஊற்றிய எஃகுக்கெல்லாம் ஒரே எண் போடுவார்கள், அதுதான் அது என்றேன். "நல்லவேளை, நான் சூடுன்னு நெனச்சேன்" என்றார். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு லோரி ஓட்டுநர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, குழாய் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தார். அதையும் சொன்னேன். அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார்.

குழாயின் வெளிமரை உள்ள முனைக்கு ஆங்கிலத்தில் 'பின்' என்றும், உள்மரை உள்ள முனைக்குப் பாக்ஸ் என்றும் சொல்வோம். முற்றத்து ஆட்கள் தங்களுக்குள் ஆண் முனை, பெண் முனை என்பார்கள். ஒரு பெண் வந்து கேட்டதும் ஒருவன் வேண்டுமென்றே அதைச் சத்தமாகச் சொல்லி, மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். புவனா அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆம்பளயோ பொம்பளயோ, மரை ஒழுங்கா இல்லன்னா ரெண்டும் ஒழுகும்லா. நீங்க வெட்டின மரைய மொதல்ல காட்டுங்க."

அன்று அவன் வெட்டிய மரையில் உண்மையிலேயே கீறல் இருந்தது. அதற்குப் பிறகு அவரிடம் யாரும் அந்த விளையாட்டு விளையாடவில்லை.

தான் தட்டச்சு செய்யும் ஒரு சொல்கூடத் தனக்குப் புரியாமல் இருக்கக் கூடாது என்பதுதான் அவருடைய பிடிவாதம். அந்தப் பிடிவாதமே அவரைத் தர ஆய்வுத் தேர்வு எழுத வைத்தது. முதல் முறை தோற்றார். இரண்டாம் முறை தேறினார். தலையில் பாதுகாப்புத் தொப்பியும் காலில் இரும்பு முனைச் சப்பாத்துமாக முற்றத்துக்கு வந்து, குழாய்களைச் சோதித்துக் கையெழுத்திட்ட முதல் பெண் அவர்தான்.

குறையும் சொல்ல வேண்டும். அவருக்குப் பொறுமை குறைவு. தப்பான சொல்லைக் கேட்டால் எந்த இடம் என்று பார்க்க மாட்டார். என் மகள் கல்யாணத்துக்கு அழைக்கப் போனபோது, பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கையோடு, "அண்ணே, வரவேற்பு நேரத்துல காலைன்னு போட்டிருக்கு, மாலைதானே?" என்றார். முந்நூறு பத்திரிகைகளையும் நானும் என் மனைவியும் உட்கார்ந்து பேனாவால் திருத்தினோம்.

இனி, நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான சம்பவத்துக்கு வருகிறேன். புவனா மறையும்வரை இதை என் வீட்டாரைத் தவிர வெளியில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். இருநூறுக்கும் மேற்பட்ட கேசிங் குழாய்கள் கப்பலேறத் தயாராக இருந்தன. கடைசிச் சோதனை டிரிஃப்ட். அது ஓர் எஃகு உருளை. அதைக் குழாயின் ஒரு முனையில் விட்டு, நீண்ட கம்பியால் தள்ளி, மறுமுனையில் வெளியே எடுப்போம். உருளை தடங்கலில்லாமல் போனால், பிற்பாடு கிணற்றில் இறக்கும் கருவியும் தடங்கலில்லாமல் போகும் என்று பொருள். என் ஆட்கள் இரண்டு நாள் வேலை செய்து எல்லாக் குழாய்களையும் முடித்துவிட்டார்கள். எல்லாமே தேறிவிட்டன. சான்றிதழ் புவனாவின் கையெழுத்துக்குப் போனது.

அரை மணி நேரத்தில் அவர் முற்றத்துக்கு வந்தார்.

"அண்ணே, எந்த டிரிஃப்ட்ட விட்டீங்க?"

"எந்த டிரிஃப்ட்டுன்னா? டிரிஃப்ட்டுதான்."

"இல்லண்ணே, ரெண்டு இருக்கு. கஸ்டமர் கேட்டது ஸ்பெஷல் டிரிஃப்ட்."

அதே அளவுக் குழாய்க்கு வழக்கமான உருளை ஒன்று உண்டு. சில வாடிக்கையாளர்கள் அதைவிட மூன்று மில்லிமீட்டர் பெரிய உருளை போக வேண்டும் என்று கேட்பார்கள். அதுதான் ஸ்பெஷல். என் கையிலிருந்த வேலைச் சீட்டில் வெறுமனே 'டிரிஃப்ட்' என்றுதான் இருந்தது. நான் வழக்கமான உருளையையே உள்ளே விட்டிருந்தேன்.

மேலாளர் அறைக்கு இருவரும் போனோம். மறுநாள் மாலை கப்பல் கிளம்ப வேண்டும். மேலாளர் சான்றிதழை வாங்கிப் படித்தார். பிறகு மலாயில் மெதுவாகச் சொன்னார்: "இதில் 'டிரிஃப்ட் சோதனை தேறியது' என்றுதானே இருக்கிறது? சோதித்தீர்கள், தேறியது. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லையே. கையெழுத்துப் போடுங்கள்."

ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

புவனா பேனாவைத் தொடவில்லை. அவரும் மலாயில்தான் பதில் சொன்னார். "சொல் பொய் இல்லை. ஆனால் இதைப் படிப்பவர் பெரிய உருளை போனது என்று நினைத்துக்கொள்வார். அதை நம்பிப் பெரிய கருவியை இறக்குவார். அது கடலுக்கடியில் சிக்கிக்கொண்டு நிற்கும்போது, மேலே எண்ணெய் மேடையில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? நான் போட மாட்டேன்."

மேலாளர் பேனாவை மேசைமேல் போட்டார். என் பக்கம் திரும்பினார். போர்மேனுக்கு இரண்டு டிரிஃப்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாதா, இவ்வளவு பெரிய ஒர்டரில் யாராவது கேட்காமல் வேலை செய்வார்களா என்று ஆரம்பித்தார். நாளைக்கு நான் வேலைக்கு வர வேண்டியதில்லை என்ற இடத்தில்தான் அந்தப் பேச்சு போய் நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

புவனா தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். எனக்கு வந்த வேலைச் சீட்டின் நகல். வாடிக்கையாளர் ஒர்டரைப் பார்த்து அந்தச் சீட்டைத் தயாரித்தது அவருடைய பிரிவு. தட்டச்சு செய்தவர் வேறொருவர். ஆனால் சரிபார்த்ததற்கு அடையாளமாகக் கீழே இருந்த சுருக்கக் கையொப்பம் புவனாவுடையது.

"மணியம் அண்ணன் சீட்டில் இருந்ததைச் செய்தார். சீட்டில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டது நான்."

அவர் அந்தத் தாளைக் காட்டாமல் இருந்திருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை முதல் மறுபடி சோதித்தோம். இந்த முறை பெரிய உருளை. நான் ஒரு முனையில் தள்ள, அவர் மறுமுனையில் கைவிளக்கோடு குந்தி உட்கார்ந்திருந்தார். மழை விட்டு விட்டுப் பெய்தது. அறுபது குழாய்வரை ஒன்றும் நிற்கவில்லை. என் ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அடுத்த குழாயில் கம்பி சட்டென்று நின்றது. அழுத்தினேன், நகரவில்லை. மறுமுனையிலிருந்து, "விடுங்கண்ணே, தள்ளாதீங்க! இதான், இதான்!" என்று அவர் கத்தினார். அந்தக் குரலில் கோபம் இல்லை.

மொத்தம் ஆறு குழாய்களில் உருளை நின்றது. ஆறையும் ஒதுக்கினோம். கப்பல் ஒரு நாள் தாமதமாகப் போனது. நடந்ததை மறைக்காமல் வாடிக்கையாளருக்கு எழுதினார்கள். அடுத்த ஒர்டரையும் அவர்கள் எங்களுக்கே கொடுத்தார்கள். புவனாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அந்த ஆண்டு அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தீபாவளியன்று மனைவியோடு, தீவில் டத்தோ கிராமாட்டில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்ல நினைத்துப் போனவன், உட்கார்ந்ததும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"என்னண்ணே, நன்றி சொல்ல வந்தீங்களா, முறுக்கு திங்க வந்தீங்களா? முறுக்கு நல்லா இருக்கு, எடுங்க. நன்றி எல்லாம் வேணாம். நானும்தானே பாக்காம விட்டேன்."

விடுமுறை முடிந்து வந்ததும் அவர் ஒரு வேலையைத் தொடங்கினார். முற்றத்தில் எங்கள் ஆட்கள் பாதிப் பேர் தமிழர்கள். மற்றவர்கள் மலாய்க்காரர்கள், நேப்பாளிகள், வங்காளிகள். ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "இத நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டு எழுதினார். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று முடிவு செய்து, நான்கு மொழிகளில் விளக்கம் எழுதி, பெரிய பலகையாகச் செய்து சுவரில் மாட்ட வைத்தார். டிரிஃப்ட்டுக்குத் தமிழில் 'ஓட்டக்கட்டை' என்று நான் சொன்னேன். "கட்டையாண்ணே? அது எஃகுலா!" என்று சிரித்துத் தள்ளினார். கடைசியில் 'சின்ன டிரிஃப்ட்', 'பெரிய டிரிஃப்ட்' என்று முடிவானது. வெறும் டிரிஃப்ட் என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால், எதிரில் இருப்பவர் எந்த டிரிஃப்ட் என்று கேட்டே ஆக வேண்டும். மேலாளரே ஒரு தடவை மறந்துபோய்ச் சொன்னபோது, நேப்பாளித் தம்பி ஒருவர் அவரை நிறுத்திக் கேட்டார். அதைப் புவனா பல நாள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மேலாளர்தான் அவரைத் தர ஆய்வுப் பிரிவுக்குத் தலைவியாக்கினார்.

செவ்வாய் மதியம் நான் அவர் வீட்டுக்குப் போனபோது, பார்வதியின் மகன் தமிழ்ப் பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தார். என்னிடம் காட்டினார். பெயருக்குக் கீழே 'முன்னாள் கிராணி' என்று இருந்தது.

"தம்பி, இது இல்லப்பா."

"பெரியம்மா ஆபிஸ்லதானே அங்கிள் வேல செஞ்சாங்க? வீட்ல ஒன்னும் சொன்னதே இல்ல."

கிராணி வேலையில் குறைவில்லை. ஆனால் அது அவர் தொடங்கிய இடம் மட்டும்தான். மேலே நான் எழுதியதையெல்லாம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னேன். பார்வதி அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "இரும்புக் கடையில டைப் அடிக்குதுன்னுதான் நாங்க நெனச்சோம்" என்றார். தம்பி அந்த வரியை அழித்துவிட்டு, 'எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களின் தலைமைத் தர ஆய்வாளர்' என்று எழுதினார். எழுத்துகளை ஒருமுறைக்கு இருமுறை நான் சரிபார்த்தேன்.

புதன்கிழமை காலைச் சிஃப்டு முடித்தவர்கள் பேருந்து பிடித்து, வேலை உடையோடே பாலம் கடந்து தீவுக்கு வந்தார்கள். வாசலில் இரும்பு முனைச் சப்பாத்துகள் வரிசையாக வெளிக்கதவுவரை நின்றன. புவனாவின் உடல் இருந்த பெட்டியின் ஒரு பக்கம் பார்வதியின் மகனும் கிரேன் ஓட்டும் குமாரும். மறுபக்கம் மலாய்க்காரர் ஒருவரும் நேப்பாளித் தம்பியும். ஆலையில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லாமல் யாரும் எதையும் தூக்க மாட்டார்கள். நால்வரும் குனிந்து பிடித்தபடி காத்திருந்தார்கள். குமார் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, தூக்கலாமா?"

நான் பார்வதியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

"தூக்குங்க" என்றேன்.

புவனா, நீங்கள் சோதித்துக் கையெழுத்திட்ட குழாய்கள் இந்த நேரத்திலும் கடலுக்கடியில் கிணறுகளைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றியும் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தலை நிமிர்ந்து போய் வாருங்கள் அம்மா.