மாலை போட்ட சென்ட்ரிஃப்யூஜ்

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் சென்ட்ரிஃப்யூஜ் சாமந்தி மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. மூடியில் சந்தனம், குங்குமம். என் கையிலோ ஐஸ் வாளி நிறைய இலைச்சாறு. வங்காளத்து ஜாதவ்பூருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. விஸ்வகர்மா பூஜையன்று இங்கே எந்த மெஷினும் ஓடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து தெரிந்ததை யார் யாருக்குச் சொல்வார்கள்? கோவைக்காரியான எனக்கு ஆயுத பூஜை என்றால் நவராத்திரியின் ஒன்பதாம் நாள்தான். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்ற நினைப்பில் வந்ததும் வராததுமாகப் பசுமைக்குடிலிலேயே புகையிலை இலைகளைப் பறித்து அரைத்துவிட்டேன்.

அந்தச் செடிகளுக்குள் வேறொரு மரபணுவைச் செலுத்தி, சில குழந்தைகளின் உடம்பில் பிறவியிலேயே சுரக்காத ஒரு நொதியை உண்டாக்க வைத்திருந்தோம். சாற்றிலிருந்து அந்த நொதிப் புரதத்தை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுப்பது என் வேலை. அரைத்த சாற்றை உடனே சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிப் பிரிக்காமல் தாமதித்தால் செடியின் சொந்த நொதிகளே அதைத் தின்றுவிடும். வளர்த்த செடிகளும் அவ்வளவுதான், வேறு இல்லை; என் ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது. சுத்தமான புரதத்தைக் காட்டினால்தான் நீட்டிப்பார்கள்.

மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மொன்ட்டுதா பிரசாதத் தட்டோடு வந்தார். எனக்கு அவர் தாதா, அண்ணன்; முதல் நாளிலிருந்தே என்னைத் திதி, அக்கா என்று கூப்பிட்டு, டாக்குரியாவில் வீடு பிடித்துக் கொடுத்தவர்.

“ஆஜ் நோய், திதி. இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு ஓட்டிக்கலாம்.”

“எங்க ஊர்ல இது அடுத்த மாசம்தான், தாதா” என்றேன், அரைகுறை வங்காளத்தில்.

“சாமிக்கு ஊருக்கு ஒரு தேதியா?” என்று சிரித்தார். நான் ஒத்துக்கொண்டதாக நினைத்து, பிரசாதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

கோவையில் அப்பாவுக்கு லேத் பட்டறை. நான் பள்ளியில் படித்தபோது ஓர் ஆயுத பூஜையன்று, அவசரமாக ஒரு ஷாஃப்டைக் கடைந்து தரச் சொல்லிப் பழைய வாடிக்கையாளர் வாசலிலேயே நின்றார். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். அந்த ஆள் அப்புறம் வரவேயில்லை. அப்பாமேல் எனக்கு அன்று அவ்வளவு கோபம்.

மாலையைக் கழற்றி வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். சத்தம் கேட்டு மொன்ட்டுதா ஓடிவந்தார். மேஜைமேல் கிடந்த மாலையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போனார்.

புரதம் சுத்தமாக வந்தது. ஒப்பந்தத்தையும் நீட்டித்தார்கள். மொன்ட்டுதா இப்போது என்னை மேடம் என்கிறார். மன்னிப்புக் கேட்டேன், பரவாயில்லை மேடம் என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆயுத பூஜையன்று துர்கா பூஜைக்காக ஆய்வகம் பூட்டியிருந்தது. என் வீட்டு ஜன்னலுக்குக் கீழே பந்தலில் மேளம். போனில் அப்பா.

“ஏங்கண்ணு, உன்ற மெஷினையெல்லாம் தொடச்சுக் கும்பிட்டயா?”

“ம்.”

“இன்னைக்கு அதை ஓட்டப்படாது. தெரியுமில்ல?”

“தெரியுங்கப்பா” என்றேன்.