கோவிந்தம்மாள் மறைத்த வீக்கம்

ஒலக்கூர் பக்கத்துக் கொல்லைகளில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்குகிற சமயம். எண்பத்து நாலாம் வருடம். செடிக் கட்டைத் தலைக்குத் தூக்கிய கோவிந்தம்மாள் அதைக் கீழே நழுவவிட்டு, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கண்ணையனின் மனைவி. நாற்பதைத் தாண்டியவள். நடவானாலும் அறுப்பானாலும் கூலி ஆள்களுக்கு முன்னால் நிற்பாள். ஆனால் யாருக்கும் தெரியாத ஒன்று அவளிடம் இருந்தது. வலது தொடைச் சந்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு வந்தது. பாரம் தூக்கினால், இருமினால் புடைக்கும். மல்லாந்து படுத்து விரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும். வலி கிடையாது. இருக்கிற இடத்தை நினைத்து அவள் வாயைத் திறக்கவில்லை. பாவாடை நாடாவை இறக்கிக் கட்டிக்கொண்டு, இருமல் வந்தால் கையால் அந்த இடத்தைத் தாங்கிக்கொள்ளப் பழகியிருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்து படுத்து எவ்வளவு அழுத்தியும் அது உள்ளே போகவில்லை. கல்லாக இறுகிக் கிடந்தது. தொட்டாலே உயிர் போனது. கொஞ்ச நேரத்தில் வயிறு முறுக்கிப் பிடித்தது. விட்டது. மறுபடியும் பிடித்தது. குடித்த தண்ணீரெல்லாம் வாந்தியாக வந்தது. பக்கத்து வீட்டிலிருந்த நாத்தனார் வெள்ளையம்மாள் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். அதுவும் தங்கவில்லை. முதல் நாள் கேப்பைக் களி ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்ணையன் நினைத்தார். வெளிக்குப் போனாயா என்று வெள்ளையம்மாள் கேட்டதற்கு அவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். விளக்கெண்ணெய் கொடுத்தார்கள். வலி இன்னும் கூடியதுதான் மிச்சம்.

காலையில் வயிறு பானை போல உப்பியிருந்தது. இரண்டு பேருமாக அவளைத் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, உடம்பில் எங்கேயாவது கட்டியோ வீக்கமோ இருக்கிறதா என்று கேட்டார். பக்கத்தில் கம்பவுண்டர் ஊசி போடத் தயாராக நின்றார். கால்மாட்டில் கண்ணையன். கோவிந்தம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

ஊசி போட்டு வெளி பெஞ்சில் படுக்க வைத்தார்கள். மத்தியானம் வந்த வாந்தி பழுப்பு நிறமாக இருந்தது. அதில் மல வாடை அடித்தது. அவளுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது. யாரும் பார்ப்பதற்குள் வாந்தி எடுத்த பேசின்மேல் முந்தானையை இழுத்து மூடினாள். ஆனால் வாடையை மூட முடியவில்லை. வெளியே வந்த டாக்டர் முந்தானையை விலக்கிப் பார்த்தார். குடல் அடைத்திருக்கிறது, இனிமேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, உடனே விழுப்புரம் போங்கள் என்றார். கண்ணையன் ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்து வந்தார்.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ரப்பர் குழாய் விட்டு வயிற்றில் தேங்கியதை வெளியே எடுத்தார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது. அறுவை டாக்டர், இந்த மாதிரி வயிற்றோடு வருகிறவர்களுக்குத் தொடைச் சந்தைப் பார்க்காமல் விடக் கூடாது என்று சொல்லி, மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். பாக்கியமேரி என்ற நர்ஸ் மறைப்பை இழுத்துவிட்டு வந்து புடவையில் கை வைத்ததும், கோவிந்தம்மாள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பாக்கியமேரி கையை உதறவில்லை. குனிந்து மெதுவாகப் பேசினாள். "அக்கா, இது நீங்க பண்ண தப்பு இல்ல. வயித்துச் சுவரு ஒரு எடத்துல நைஞ்சிப்போயி, அது வழியா குடல் எறங்கி மாட்டிக்கினு இருக்குது. எனக்குத் தெரியும், நீங்க காட்ட வேணாம். கைய மட்டும் எடுங்க."

கோவிந்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கையை எடுத்தாள்.

வெளியே டாக்டர் கண்ணையனுக்கு விளக்கினார். இறங்கிய குடலின் கழுத்தைச் சுருக்குப் போட்டது போல அந்த ஓட்டை இறுக்கிவிட்டது. சாப்பிட்டது கீழே போக வழியில்லை, அதனால்தான் வாந்தியும் உப்புசமும். ரத்தமும் ஓடாவிட்டால் மாட்டிய குடல் அழுகிவிடும். குடல் அடைத்திருக்கும்போது விளக்கெண்ணெய் கொடுத்தது ரொம்பத் தப்பு. இப்போதே ஆபரேஷன் செய்ய வேண்டும். அதைச் சொல்லிவிட்டு, இந்த வீக்கம் எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டார்.

கண்ணையன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். கூடவே படுத்து எழுந்த பொம்பிளையைப் பற்றிக் கேட்கிறார்கள். "எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லும்போது அவரால் டாக்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கறுத்துப்போன ஒரு துண்டுக் குடலை வெட்டி எடுத்து, நல்ல முனைகளைச் சேர்த்துத் தைத்தார்கள். அவள் பிழைத்தாள்.

கண் விழித்தவளின் போர்வையைக் கண்ணையன் சரி செய்தார். பிறகு கேட்டார்: "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"எப்பிடிங்க சொல்றது."



காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்ய ஆரம்பித்ததென்று அர்த்தம், அதுவரை வாயில் தண்ணீர் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் டாக்டர் கட்டிலருகே வந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்பார். கோவிந்தம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நாக்கு தோலாக உலர்ந்திருந்தது. பிரிந்த பிறகும் அவள் சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கத் தாகத்தோடு கிடந்தாள். மறுநாள் டாக்டர் கேட்டபோது, தலைமாட்டில் நின்ற கண்ணையன் முன்னால் வந்து, "நேத்தே பிரிஞ்சிடுச்சுங்க. நான் காதால கேட்டேன்" என்றார். எதிர்க்கட்டில்காரி சிரித்துவிட்டாள். கோவிந்தம்மாள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். பாக்கியமேரி அதை விலக்கி, உதட்டில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டாள்.

ஊரில் யாராவது கேட்டால் அப்பண்டிக்ஸ் ஆபரேஷன் என்று சொல்வதாக இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அது சொல்லக்கூடிய நோயாக இருந்தது.

இரண்டு மூன்று வருடம் கழித்து, களை வெட்டிக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்த ஜெயம் இருமுவதைப் பார்த்தாள். இருமும்போதெல்லாம் ஜெயத்தின் கை தொடைச் சந்துக்குப் போனது. கோவிந்தம்மாளுக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் தன் பொய்யும் வெளியே வரும். அன்று முழுக்க வேறு வரிசையில் நின்று களை வெட்டினாள். மறுநாளும் அப்படியே.

அடுத்த நாள் ஜெயத்தைத் தனியாகப் பம்பு ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்திவிட்டுத் தழும்பைக் காட்டினாள்.

"எனக்கு அப்பண்டிக்ஸ் இல்லடி. உனக்கு இருக்கிறதுதான். படுத்தா உள்ள போவுதுன்னு இருந்துடாத. போவாத நாளு ஒண்ணு வரும். அன்னிக்கு வாயால பீ வந்துதுடி எனக்கு."

இதைத் தரையைப் பார்த்தபடிதான் சொன்னாள். ஜெயம் அழுதாள். எட்டு வருஷமாக இருக்கிறது என்றாள்.

பாக்கியமேரி இருக்கிற வார்டுக்குக் கோவிந்தம்மாளே ஜெயத்தைக் கூட்டிப்போனாள். குடல் மாட்டாத சமயமானதால் சுலபமாக முடிந்தது. ஓட்டையைத் தைத்து அனுப்பிவிட்டார்கள். தன் புருஷனிடம் நோய் இன்னதென்று எடுத்துச் சொல்லும்படி ஜெயம் கேட்டபோது மட்டும் கோவிந்தம்மாள் மறுத்துவிட்டாள். அதைக் கண்ணையன் சொன்னார்.